விறகுக்கு ஒரு சங்கிலி வாள்: வாங்குவதற்கு முன்

(குளிர்கால ஆயத்தம் பற்றிய சமூகக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



2021ஆம் ஆண்டு யூன் மாதம் 9ஆம் திகதி இரவு, மெல்பேணின் கிழக்கேயுள்ள டண்டினோங் மலைத்தொடரைப் புயல் தாக்கியது. ஒலிண்டா, கலோரமா முதலிய ஊர்களில் ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன. வீதிகள் அடைபட்டன, வீடுகள் சேதமுற்றன, சில இடங்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்காயிற்று. கடுங்குளிரில் மின்சாரமின்றி இருந்த வீடுகளில் விறகு அடுப்பு வைத்திருந்தவர்கள் மட்டுமே ஓரளவு சூட்டோடு உறங்கினர். அத்தகைய குளிர்காலம் ஒன்றைக் கண்ட குடும்பத்தில், வீட்டில் ஒரு சங்கிலி வாள் இருக்க வேண்டும் என்ற எண்ணம் எழுவது இயல்பே. அந்த எண்ணத்தோடு கடைக்குப் புறப்படுவோருக்காகவே இவ்வுரை.

கடையில் விற்பனையாளர் கேட்பவை பெரும்பாலும் இரண்டு கேள்விகள்: பார் எத்தனை அங்குலம் வேண்டும், இயந்திரம் எத்தனை சிசி வேண்டும். சங்கிலி ஓடும் நீண்ட உருக்குப் பட்டையையே பார் என்கின்றனர். ஆனால் இவ்விரண்டுக்கும் முன்னதாக, வீட்டிலிருந்தே விடை காண வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வெட்டப்போகும் மரம் நிற்கிறதா, கிடக்கிறதா?

இக்கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் இந்நாட்டின் தொழிற்பயிற்சி முறை இவ்விரண்டையும் ஒரே வேலையாகக் கருதுவதில்லை. வீழ்ந்த மரத்தைக் கிளை கழித்துத் துண்டாக்குவது ஒரு பயிற்சிப் பாடம்; நிற்கும் மரத்தை வீழ்த்துவது அதன் மேல் தனியே கற்க வேண்டிய வேறொரு பாடம். நாள்தோறும் வாளைக் கையாளும் தொழிலாளருக்கே இந்தப் பிரிவு இருக்கிறதென்றால், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டும் வாளை எடுக்கும் வீட்டுக்காரர் அதைப் புறக்கணிப்பதற்கு நியாயம் இல்லை.

நிற்கும் மரம் தன் எடையை எந்தப் பக்கம் சாய்த்து வைத்திருக்கிறது என்பதைப் பழகிய கண்ணே அறியும். உள்ளே கறையானோ உளுப்போ இருந்தால் வெளித்தோற்றம் காட்டிக்கொடுப்பதில்லை. மரம் விழும் பக்கத்தில் ஆப்புவடிவ வெட்டு ஒன்றை எடுத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து அறுத்து வந்து, இடையில் மரத்தின் குறுக்களவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை அறுக்காமல் விட வேண்டும். அந்த அறுபடாத பகுதியே கதவின் பிணைச்சல் போல நின்று மரத்தை வழிநடத்துகிறது. அதை ஒரு கணம் கூடுதலாக அறுத்துவிட்டால், மரம் எங்கே விழ வேண்டும் என்பதை அதன்பின் வெட்டுபவர் தீர்மானிப்பதில்லை. மேலும், ரிவர் ரெட் கம் போன்ற யூக்கலிப்டஸ் மரங்கள் காற்றே இல்லாத நாளிலும் பெருங்கிளைகளை உதிர்ப்பவை. கொப்புகளிடையே சிக்கித் தொங்கும் பட்ட கிளைக்கு இந்நாட்டு மரவெட்டிகள் வைத்துள்ள பெயர் ‘விதவையாக்கி’ எனப் பொருள்படும். பெயரே போதுமான எச்சரிக்கை.

ஆகவே வளவில் நிற்கும் ஒரு மரத்தை வீழ்த்துவதற்காக மட்டும் வாள் வாங்க எண்ணுபவர் அந்தப் பணத்தை வேறு வழியில் செலவிடுவது நலம். முதலாவது, பல மரங்களை அனுமதியின்றி அகற்ற முடியாது. தம் சொந்தக் காணியில் நட்டு வளர்த்த மரம் என்ற வாதம் பல வேளைகளில் எடுபடுவதில்லை. மாநகர சபையின் திட்டமிடல் பிரிவிடம் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். அனுமதி கிடைத்தபின் ஆபரிஸ்ட் எனப்படும் மரப் பராமரிப்புத் தொழிலாளரை அழைக்கலாம். அவரிடம் மூன்றாம் நிலைச் சான்றிதழும் பொதுப் பொறுப்புக் காப்புறுதியும் உண்டா எனக் கேட்பது அவமரியாதை ஆகாது. முறையாகத் தொழில் செய்பவர் அவற்றைத் தயங்காமல் காட்டுவார். வீழ்த்திய மரத்தை எடுத்துச் செல்லாமல் வளவிலேயே விட்டுச் செல்லும்படி கேட்டுக்கொண்டால், விறகும் வீட்டுக்காரருக்கே எஞ்சும். சில வேளைகளில் கூலியும் சற்றுக் குறையும்.

நிற்பதிலும் சேராமல் கிடப்பதிலும் சேராமல் ஒரு வகை உண்டு. புயலில் வேரோடு சாய்ந்த மரம் அது. பலர் இதனைக் ‘கிடக்கும் மரம்’ என்றே எண்ணிவிடுகின்றனர். வேரும் மண்ணும் சேர்ந்து செங்குத்தாக எழுந்து நிற்கும் அந்தப் பெரிய வட்டைத் தாங்கி வைத்திருப்பது அடிமரத்தின் எடைதான். அடிமரத்தை அறுத்தவுடன் வேர்வட்டு திடீரென மீண்டும் குழிக்குள் விழக்கூடும். குழியருகே நிற்கும் எவரும், விளையாட வந்த பிள்ளை உட்பட, அதனடியில் அகப்படலாம். வளைந்து நெருக்குண்ட கிளைகள் அறுபடும் கணத்தில் வில்லைப்போல் விசிறியடிக்கும். கூரையின் மீதோ வேலியின் மீதோ சாய்ந்த மரத்துக்கு மாநில அவசர சேவையை 132 500 என்ற எண்ணில் அழைக்க வேண்டும். மின்கம்பி அருகில் இருப்பின் அணுகவே கூடாது.

இனி, உண்மையாகவே தரையில் கிடக்கும் மரத்தையும் விறகையும் பற்றி.

வீட்டு விறகுக்கு எடுத்து வரும் கட்டைகளின் குறுக்களவு பெரும்பாலும் 15 முதல் 30 சென்ரிமீற்றர் வரை இருக்கும். பார் அதனினும் சற்றே நீண்டிருந்தால் போதும். 14 அல்லது 16 அங்குலப் பார், அதாவது ஏறத்தாழ 35 முதல் 40 சென்ரிமீற்றர். பெற்றோல் இயந்திரமாயின் 35 முதல் 45 சிசி வரை. ஒரு குடும்பத்தின் அடுப்புக்கு இதற்கு மேல் தேவைப்படுவது அரிது. ரெட் கம், அயன்பார்க் போன்ற வைரம் பாய்ந்த மரங்களைத் தொடர்ந்து அறுப்பவர் 50 சிசிக்குச் செல்லலாம். 20 அங்குலப் பார் பூட்டிய பெரும் வாள் கடைச் சுவரில் கம்பீரமாகத்தான் தோன்றும். ஆனால் நீண்ட பாரின் நுனி கண்ணுக்குத் தொலைவில், அடுத்த கட்டையிலோ மண்ணிலோ படும் இடத்தில் ஓடுகிறது, எடையும் கூடுகிறது. களைத்த கையே தவறு செய்யும் கை. முக்கால் மணிநேரம் அறுத்தபின்னும் நடுக்கமின்றிப் பிடிக்கக்கூடிய வாளே அவரவர்க்கு ஏற்ற வாள். கடையில் கையுறை அணிந்து, இரு கைகளாலும் பிடித்து, இடுப்பளவில் சிறிது நேரம் வைத்துப் பார்ப்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. கைப்பிடி மேற்புறத்தில் அமைந்த சிறிய வாள்களும் விற்பனைக்கு உண்டு. சிறியதாகவும் இலேசாகவும் இருப்பதால், வீட்டுக்கு இதுவே போதும் என்று எண்ணத் தோன்றும். அவை மரத்தின் மேல் கயிற்றில் தொங்கியபடி வேலை செய்யும் பயிற்சி பெற்றவர்களுக்கென ஆக்கப்பட்டவை. தரையில் விறகு அறுப்போர் பின்பக்கக் கைப்பிடி கொண்ட வாளையே வாங்க வேண்டும்.

பெற்றோலா, பற்றரியா என்ற கேள்விக்கு விடை, விறகு எங்கே கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. வளவில் கழித்த கிளைகளையும், வாங்கி இறக்கிய நீளக் கட்டைகளையும் துண்டாக்குவதே வேலையாயின், பற்றரி வாள் மிகவும் பொருத்தமானது. புகை இல்லை, இரைச்சல் குறைவு, கயிறு இழுத்து இயக்கத் தேவையில்லை, மாதக்கணக்கில் கராஜில் கிடந்தாலும் எடுத்தவுடன் ஓடும். வயதானோருக்கும் மெல்லிய தோள் உடையோருக்கும் இதுவே நல்லது. விலையை ஒப்பிடும்போது பற்றரியும் சார்ஜரும் சேர்ந்த விலையா, வெறும் வாளின் விலையா எனப் பார்க்க வேண்டும். இரண்டாவது பற்றரி ஒன்றின் விலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு தவறெண்ணத்தையும் இங்கே நீக்குவது அவசியம். ஓசையின்மை ஆபத்தின்மை ஆகாது. விசையை அழுத்திய கணமே சங்கிலி ஓடும். ஆகையால் சங்கிலியைத் தொடுவதற்கு முன் பற்றரியைக் கழற்றிவிட வேண்டும்.

மாநிலக் காட்டுக்குச் சென்று விறகு எடுப்பவருக்குப் பெற்றோல் வாளே இன்னும் வசதி. காட்டில் மின்செருகி இல்லை. ஆனால் பெற்றோல் வாள் ஒரு பராமரிப்புப் பொறுப்பையும் உடன் கொண்டு வருகிறது. இன்றைய வாள்கள் பலவற்றுக்கு 50 பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு இருவீச்சு இயந்திர எண்ணெய் கலக்க வேண்டும். லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். சரியான விகிதம் அந்தந்த வாளின் கைநூலில் இருக்கும். எண்ணெய் கலக்காத பெற்றோலை ஒருமுறை ஊற்றி ஓட்டினாலே இயந்திரம் இறுகிப் பாழாகிவிடும். கலந்து மாதக்கணக்கில் வைத்த பெற்றோலும் கெட்டுப்போகும். சென்ற குளிர்காலத்து மீதியை இந்தக் குளிர்காலத்தில் ஊற்றி, வாள் இயங்கவில்லை என்று கடைக்குக் கொண்டுபோவோர் பலர். மின்கம்பி கொண்டு இயங்கும் வாள் விலை மலிவு; ஆனால் கம்பியைத் தானே அறுத்துவிடும் அபாயம் உண்டு. பாதுகாப்பு ஆளி இல்லாத மின்னிணைப்பிலோ ஈரத்திலோ அதனைப் பயன்படுத்தக் கூடாது.

வாளின் விலையையும் வலுவையும் பற்றி இத்தனை பேசினாலும், அறுப்பது சங்கிலியே அன்றி இயந்திரம் அன்று. இதன் வரலாற்றில் சுவையான ஒரு நிகழ்ச்சி உண்டு. தொடக்ககாலச் சங்கிலி வாள்களின் பற்கள், இருவர் இழுக்கும் கைவாளின் பற்களைப் போல மரத்தைச் சுரண்டின, அடிக்கடி மழுங்கின. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மரவெட்டியாகத் தொழில் புரிந்த யோசப் கொக்ஸ் என்பவர், மரக்கட்டை ஒன்றினுள் வண்டின் புழு எளிதாகத் துளைத்துச் செல்வதைக் கண்டார். அதன் வளைந்த தாடைகள் இடமும் வலமும் மாறிமாறிச் சீவின. அதைப் பார்த்து அவர் அமைத்த சங்கிலி 1947இல் விற்பனைக்கு வந்தது. இன்று கடையில் தொங்கும் சங்கிலிகள் ஏறக்குறைய அனைத்தும் அந்தப் புழுவின் தாடையைப் பின்பற்றியவையே.

சீவும் பல் என்பதனால், கூராக இருக்கும்போது அது மரத்தைச் செதிள்களாக வெளியேற்றும். செதிள் நின்று மாப்போன்ற தூள் வரத் தொடங்கினால் பல் மழுங்கிவிட்டது என்று பொருள். அப்போது வெட்டுபவர் தம்மையறியாமல் வாளை அழுத்தத் தொடங்குவார். அழுத்தி அறுக்கும் வாள் கட்டையைக் கடந்தவுடன் கட்டுப்பாடின்றிக் கீழே பாயும். அங்கே இருப்பது பெரும்பாலும் அவருடைய கால். கூரற்ற சங்கிலி மெதுவாக அறுப்பதால் ஆபத்துக் குறைவு என்று சிலர் கருதுவது முற்றிலும் தலைகீழான எண்ணம்.

எனவே வாள் வாங்கும் அன்றே வட்ட அரமும், அதைச் சரியான கோணத்தில் பிடிக்க உதவும் வழிகாட்டியும் வாங்க வேண்டும். சிறிய வாள்களில் வழக்கமாக வரும் தாழ்வடிவச் சங்கிலிக்கு 4 மில்லிமீற்றர் அரம். ஐம்பது சிசி அளவு வாள்களில் காணப்படும் 0.325 அங்குலச் சங்கிலிக்கு 4.8 மில்லிமீற்றர் அரம். பெற்றோல் தொட்டி ஒவ்வொரு முறை தீரும்போதும் ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு மூன்று தள்ளல். உள்ளிருந்து வெளியாக மட்டும். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. ஒரு பக்கத்துப் பற்கள் குட்டையாகிவிட்டால் வாள் வளைந்து அறுக்கும். அரிவாளைக் கல்லில் தீட்டிப் பழகிய முதியோர் இதனை இளையோரை விட விரைவில் கற்றுக்கொள்வர். காட்டுத் தரையில் கிடக்கும் கட்டையின் பட்டையில் மணல் ஒட்டியிருக்கும். அதற்கு, மூலை கூரிய பற்களைவிட மூலை சற்று உருண்ட செமி சிசல் வகைச் சங்கிலியே நீடித்து உழைக்கும். மாற்றுச் சங்கிலி வாங்க மூன்று அளவுகள் வேண்டும்: கண்ணி இடைவெளி, கண்ணித் தடிப்பு, கண்ணிகளின் எண்ணிக்கை. பல வாள்களில் இவை பாரின் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். தொலைபேசியில் படம் எடுத்துச் சென்றால் கடையில் மொழிச் சிக்கலும் இல்லை. பழைய வேலித்தூண்களை அறுக்க முனைவோர் ஆணிகளைத் தேட வேண்டும். அவை பச்சை படிந்த பதனிட்ட மரமாயின் அறுத்தாலும் அடுப்பிலிடக் கூடாது. அவற்றில் ஆர்செனிக் இருக்கக்கூடும்.

கிக்பேக் என்ற சொல்லை எல்லாக் கைநூல்களும் பெரிய எழுத்தில் அச்சிடுகின்றன. பாரின் நுனியில் மேற்கால் பகுதி எதிலேனும் பட்டால், வாள் முழுவதும் வெட்டுபவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி எகிறும். கண் இமைக்கும் நேரத்தில் நடப்பதால் அதனைக் கையால் தடுக்க எண்ணுவது வீண். முன்கைப்பிடிக்கு முன்னே நிற்கும் காவற்தட்டு தள்ளப்படும்போது சங்கிலியை நிறுத்தும் பிரேக் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு நாளும் தொடங்கும் முன் பார்க்க வேண்டும். பழைய வாளை இரண்டாம் கையாக வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியதும் அதுவே. அது உடைந்திருந்தால் எந்த விலையும் மலிவன்று. இடக்கைப் பெருவிரல் முன்கைப்பிடியைச் சுற்றி மூடியிருக்க வேண்டும். தோளுக்கு மேலே வாளை உயர்த்தக் கூடாது. ஏணியில் ஏறி வாளைப் பிடிப்பது எண்ணிப் பார்க்கவும் தகாதது.

இப்போது செலவுக் கணக்கு. ஒரு குடும்பம் வாளுக்கென ஒரு தொகை ஒதுக்கியிருந்தால், அதிலிருந்து முதலில் கழிக்க வேண்டியது பாதுகாப்பு உடையின் விலை. சங்கிலி வாளுக்கென ஆக்கிய காற்சட்டையிலோ முன்கால் உறையிலோ பல அடுக்கு நீள் இழைகள் உள்ளன. சங்கிலி துணியைக் கிழித்தவுடன் அவ்விழைகள் வெளியே இழுபட்டுச் சில்லில் சுற்றி அதனை நிறுத்துகின்றன. இந்நாட்டுத் தரக்குறியீடு ஏ.எஸ்/என்.இஸட்.எஸ் 4453.3 என்பது. தடித்த ஜீன்ஸ் அந்த வேலையைச் செய்யாது. சாரமும் செருப்பும் பற்றிச் சொல்லத் தேவையில்லை. முகவலையும் காதுக்காப்பும் பொருந்திய தலைக்கவசம், கையுறை, உருக்கு நுனிச் சப்பாத்து ஆகியனவும் வேண்டும். இவற்றுக்குப்பின் மிஞ்சும் தொகைக்கு எந்த வாள் கிடைக்குமோ அந்த வாள். தொகை போதாவிடின் அவ்வாண்டு வாடகைக்கு எடுக்கலாம்.

இரவல் கொடுக்கும் பழக்கம் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏணியும் பெரிய கிடாரமும் உறவினர் வீடுகளிடையே சுற்றி வருவது தமிழர் குடியிருப்புகளில் வழக்கம். அதில் ஒரு நன்மையும் உண்டு. வாளும் அவ்வாறே சுற்றத் தொடங்கும்போது, வாள் மட்டும் போகிறது. காற்சட்டை வீட்டிலேயே தங்கிவிடுகிறது. இரவல் கேட்டு வரும் மருமகனுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது, அல்லது அவர் வளவுக்குத் தாமே சென்று அறுத்துக் கொடுப்பது, உறவுக்கும் உயிருக்கும் நல்லது.

விறகு எடுப்பதற்கும் காலமும் இடமும் உண்டு. விக்ரோரியாவின் மாநிலக் காடுகளில் வீட்டுத் தேவைக்கான விறகை மார்ச் 1 முதல் யூன் 30 வரையும், செப்ரெம்பர் 1 முதல் நவம்பர் 30 வரையும், குறிக்கப்பட்ட இடங்களில் மட்டுமே எடுக்கலாம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 2 கனமீற்றர். ஒரு வீட்டுக்கு நிதியாண்டொன்றுக்கு 16 கனமீற்றர். கிடக்கும் மரம் மட்டுமே. பட்டமரமாயினும் நிற்பதை வீழ்த்துவது குற்றம். பொந்துள்ள கட்டையையும் பாசி படர்ந்த கட்டையையும் தொடக் கூடாது. அவை உயிரினங்களின் வீடு. வீதியோரத்தில் கிடப்பது பொதுச் சொத்து என எண்ணி வாகனத்தில் ஏற்றுவதும் சிக்கலில் முடியலாம். தனியே காட்டுக்குச் செல்லக் கூடாது என்பதையும், பல இடங்களில் தொலைபேசித் தொடர்பு இராது என்பதையும் வீட்டிலிருப்போர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பச்சை யூக்கலிப்டஸ் ஒரு மாதத்தில் உலர்வதில்லை. பிளந்து, காற்றோட்டமாக அடுக்கி, மேலே மட்டும் மூடி, ஏறத்தாழ ஓராண்டு விட வேண்டும். ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே வராத விறகு புகைபோக்கியில் கரியைப் படியவைக்கும்; அயலவரின் துணிக்கொடிக்குப் புகையை அனுப்பும். எனவே யூன் மாதக் குளிரில் அவசரப்பட்டு வாங்கிய வாள் அந்த யூனுக்கு உதவப்போவதில்லை. அவசரம் இல்லாத பொருளை ஆறுதலாகத் தேர்ந்தெடுக்கலாம். இடையே ஒரு வார இறுதிப் பயிற்சிக்கும் சென்று வரலாம். குடியிருப்புப் பகுதியில் வாளின் ஓசை கேட்கும்படி வேலை செய்வது வார நாட்களில் காலை 7 மணிக்கு முன்னும், வார இறுதியிலும் பொது விடுமுறையிலும் காலை 9 மணிக்கு முன்னும், எந்நாளும் இரவு 8 மணிக்குப் பின்னும் தடைசெய்யப்பட்டுள்ளது. அனல்காற்று வீசும் நாட்களில் உலர்ந்த புல்லருகே பெற்றோல் வாளை இயக்காதிருப்பது சட்டம் சொல்லும்வரை காத்திருக்க வேண்டிய விடயம் அன்று.

மர அனுமதி, இரைச்சல், காட்டு விறகு ஆகியவை பற்றி ஆங்கிலத்தில் கேட்கத் தயங்குவோர் 131 450 என்ற எண்ணில் தேசிய மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, “தமிழ்” என்று கூறி, மாநகர சபையுடன் இணைக்கும்படி கேட்கலாம். அழைக்கும்போது மரத்தின் உயரம், நெஞ்சளவில் அதன் சுற்றளவு, வீட்டிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் உள்ள தூரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அருகில் வைத்திருப்பது நல்லது.